மோட்டார் எவ்வளவு நேரமா ஓடுது? போனே சொல்லும்

பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடுகிற ஊர் திருமுக்கூடல். பேர் பெரிசுதான். ஆற்றில் தண்ணீரைப் பார்ப்பது மழைக்காலத்தில் சில நாள். மற்ற நாளெல்லாம் கிணறும் போரும்தான் சோறு போடுது. விவசாய மின்சாரம் இலவசம் என்பதால் மோட்டார் ஓடும் நேரத்தைப் பலர் கணக்கே வைப்பதில்லை. ஏற்றம் இறைத்த காலத்தில் பாட்டோடு பாட்டாகச் சாலை எண்ணிக்கொண்டே இறைத்தார்கள். சுவிட்சைத் தட்டிவிட்டுப் போகிற நமக்கு எண்ணிச் சொல்ல ஆளில்லை.

முதலில் ஓர் அளவு எடுங்கள். 200 லிட்டர் டிரம்மைக் குழாய்வாயில் வையுங்கள். 40 நொடியில் நிரம்பினால் நொடிக்கு 5 லிட்டர், மணிக்கு 18,000 லிட்டர். அரை மணி கூடுதலாக ஓடினால் 9,000 லிட்டர் போச்சு. மூடாக்கு போட்ட நிலத்தில் அது வெறும் வீண்கூட இல்லை, வேருக்கே கேடு.

இனி போனுக்கு வருவோம். ஆண்ட்ராய்டு போனில் கடிகாரச் செயலியைத் திறந்து, ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு வெளியே வந்துவிடுங்கள். திரையை மேலிருந்து கீழே இழுத்தால் அறிவிப்புப் பகுதியில் நேரம் ஓடிக்கொண்டிருக்கும். டைமர் வைத்தால் மீதி நேரம் இறங்கும், முடிந்ததும் மணியடிக்கும். எனக்கு டைமர்தான் பிடிக்கும். ஆனால் கரண்ட் போனது போனுக்குத் தெரியாது. அறிவிப்பிலேயே இருக்கும் நிறுத்து பொத்தானை நாம்தான் அழுத்த வேண்டும்.

வீட்டுப் பிள்ளைகள் யாராவது உழவருக்குச் செயலி எழுதுகிறார்களா? அவர்களுக்கு ஒரு வார்த்தை. நொடிக்கொரு முறை அறிவிப்பைத் திருத்தி எழுத வேண்டாம்; பேட்டரி தீரும், அடிக்கடி திருத்தினால் ஆண்ட்ராய்டே தடுத்துவிடும். தொடங்கிய நேரத்தை மட்டும் அறிவிப்பில் கொடுத்து, அதிலுள்ள குரோனோமீட்டர் வசதியை இயக்கினால் போதும், நொடிகளைப் போனே எண்ணிக்கொள்ளும். இறங்குமுகமாக எண்ணும் வசதி 2016இல் வந்த ஆண்ட்ராய்டு 7 முதல் உண்டு. ஆண்ட்ராய்டு 13 முதல், அறிவிப்பு காட்டப் பயனரிடம் அனுமதி கேட்க வேண்டும். அதை விட்டுவிட்டால் அறிவிப்பே வராது.

போன் அணைந்து மறுபடி எழுந்தால் பழைய அறிவிப்புகள் அழிந்துவிடும். அதனால் தொடங்கிய நேரத்தைச் செயலி தனியாகச் சேமித்து வைத்து, அறிவிப்பை மறுபடி போட வேண்டும். நான் அதோடு மோட்டார் கொட்டகைச் சுவரிலும் கரித்துண்டால் எழுதி வைக்கிறேன்: காலை 6.10, கீழ்மேட்டுக் கத்திரி.