சலவைக்கல்லிற் படியெடுத்த முகங்கள்

கோபாலபுரத்தினின்று கடற்கரைக்கு உலாவச் செல்லும் மாணவர், மாநிலக் கல்லூரியின் முன்பு நிற்கும் டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்களின் சிலையைக் கண்டிருப்பர். நூலாசிரியர் கைப்பட எழுதிய மூலவேடு கிடையாத பழந்தமிழ் நூல்களை, பிற்காலத்தார் பெயர்த்தெழுதிய ஏடுகள் பலவற்றை ஒப்புநோக்கியே அப்பெரியார் பதிப்பித்தனர். 1887-ஆம் ஆண்டில் வெளிவந்த சீவகசிந்தாமணி அவ்வுழைப்பின் பயனாகும். கிரேக்கச் சிற்பங்களை ஆராய்வோரும் இவ்வழியையே கைக்கொள்ளுகின்றனர்.

கிரேக்கர் தம் பெரியோரின் உருவங்களைப் பெரும்பாலும் வெண்கலத்தில் வார்த்தனர். அவற்றுட் பல, பிற்காலத்தில் உலோகத்தின் பொருட்டு உருக்கப்பட்டு அழிந்தன. நல்வினைப்பயனாக, உரோமச் செல்வர் தம் மாளிகைகளிலும் நூல்நிலையங்களிலும் வைத்தற்கு அவற்றைச் சலவைக்கல்லிற் படியெடுப்பித்திருந்தனர். மூலச்சிலையினின்று அச்செடுத்து, அதில் வார்த்த சுதையுருவை நோக்கிக் கல்லிற் செதுக்குதல் அவர் கையாண்ட முறை. இத்தாலியில் பாயே என்னுமிடத்தில் 1954-ல் அத்தகைய சுதையுருக்களின் துண்டுகள் கிடைத்தன.

ஏதென்ஸ் நகரத்து நாவலர் டெமாஸ்தனீஸ் கி. மு. 322-ல் இறந்தார். ஏறக்குறைய நாற்பதாண்டு கழித்துப் பாலியூக்டஸ் என்னும் சிற்பி வார்த்த அவருடைய வெண்கலச்சிலை இன்று இல்லை. அதன் உரோமப் படிகளோ ஐம்பது வரையில் உள்ளன. சுருங்கிய நெற்றி, ஒட்டிய கன்னம், குறுந்தாடி ஆகியன படிதோறும் ஒத்திருத்தலின், அவை மூலத்துக்குரியனவென்று துணியலாம். ஒரு படியில் மட்டும் காணப்படுவது, படியெடுத்தவன் கைவேறுபாடாதல் கூடும். இஃது ஏட்டுப் பாடபேதம் போன்றதே.

கிரேக்கர் முழுவுருவமே சமைத்தனர். உரோமரோ பலவிடத்தும் தலையை மட்டுமே படியெடுத்தனர். அதனால் கைகளின் நிலை மறைந்தது. வாத்திகன் காட்சிசாலையிலுள்ள முழுச்சிலையின் கைகள் உடைந்திருந்தமையால், செப்பனிட்டோர் சுருளேடு ஒன்றைப் பிடித்ததாக அமைத்துவிட்டனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உரோம் நகரில் விரல்கள் கோத்த சலவைக்கற் கைகள் அகப்பட்டன. விரல் கோத்த அச்சிலையின் கைகளில் போர்வீரனொருவன் தன் பொன்னை ஒளித்துவைத்துச் சென்று, பின்னர்க் குறையாது பெற்றானென்று புளூடார்க் முன்னமே எழுதியிருந்தார். சுருளேடு இடைச்செருகல் என்பது அப்பொழுது தெளிவாயிற்று. தன் நாட்டின் உரிமை அழியக்கண்ட ஒருவரின் துயரைக் காட்டி நின்றவை அக்கோத்த கைகளே.

மாணவ நண்பர்களே! படியென்று இகழ்ந்திருப்போமாயின் மூலத்தை அறவே இழந்திருப்போம். ஒரு படியையே முற்றும் நம்பினும் சுருளேட்டையே மெய்யென்று கொண்டிருப்போம். பலவற்றை ஒப்புநோக்குக; இல்லாததைக் கற்பித்து நிரப்பாதொழிக. ஏட்டுக்கும் கல்லுக்கும் பொதுவான நெறி இதுவே.