ஆற்றில் ஏறும் ஓதம்

ஆறு கடலை நோக்கி ஓடுவது இயல்பு. கடல்நீர் ஆற்றினுள் புகுந்து, அதன் ஓட்டத்தை எதிர்த்து மதில்போல் எழுந்து வருவதும் உண்டு. இதனை ஓதப்பேரலை என்பர். சீனாவின் ஹாங்சோ நகரை ஒட்டி ஓடும் சியாந்தாங் ஆற்றில் எழும் பேரலை, உலகின் மிகப் பெரிய ஓதப்பேரலைகளுள் ஒன்றாகும்.

ஹாங்சோ விரிகுடா புனல் வடிவினது. ஏறத்தாழ 100 கிலோமீட்டர் அகன்ற அதன் வாய், உள்ளே செல்லச்செல்ல ஒடுங்கி, ஹைனிங் பகுதியில் சில கிலோமீட்டராகக் குறுகுகிறது. ஆற்றுப்படுகையும் மேடிட்டு உயர்கிறது. எனவே, உட்புகும் ஓதம் இருபுறமும் நெருக்குண்டு நிமிர்ந்தெழுகிறது.

சீன நாள்காட்டியின் எட்டாம் மாதம் 18ஆம் நாள், இக்காட்சியைக் காணும் திருநாளாகும். முழுநிலவை ஒட்டிய அந்நாள்களில் ஞாயிறு, திங்கள் ஆகிய இரண்டின் ஈர்ப்பும் இணைந்து ஓதத்தைப் பெருக்குகின்றன. அலையைக் கண்ணால் காணும் முன்னரே அதன் முழக்கத்தைக் கரையில் நிற்போர் கேட்பர்.

வஞ்சனையால் உயிரிழந்து ஆற்றில் எறியப்பட்ட வூ சிசூ என்னும் அமைச்சரின் சினமே அலையாய் எழுகிறது என்பது பழங்கதை. கி.பி. முதல் நூற்றாண்டு அறிஞர் வாங் சோங் இதனை மறுத்தார். ஓதத்தின் ஏற்றம் நிலவின் வளர்தேய்வோடு இயைந்தது எனக் காட்டினார். அவ்வுண்மை பிற்காலத்தில் பயன்பாட்டுக்கும் வந்தது. 1056ஆம் ஆண்டில், ஓதம் வரும் நேரத்தைக் குறிக்கும் அட்டவணை இவ்வாற்றுக்கெனத் தொகுக்கப்பட்டது. கதை அச்சத்தைத் தந்தது. கணக்கோ காப்பைத் தந்தது.

ஆயினும், அலையோடு விளையாடும் வேட்கை தணியவில்லை. சோங் அரசர் காலத்தில் இளைஞர் பலர் வண்ணக்கொடி ஏந்தி, கொடி நனையாதவாறு அலைமேல் நீந்திக் காட்டினர். கரையில் நின்றோர் பரிசளித்தனர். நீந்தியோர் சிலர் மீளவில்லை. ஹாங்சோ ஆட்சியாளராக இருந்த சாய் சியாங், பெற்றோர் தந்த உடலை ஆழ்நீருக்கு இரையாக்குதல் தகாது எனக் கண்டித்து அவ்விளையாட்டுக்குத் தடை விதித்தார். தடைக்குப் பின்னரும் அவ்வழக்கம் தொடர்ந்தது.

இன்றும் ஹைனிங் கரையில் மக்கள் திரள்கின்றனர். தடுப்பைக் கடந்து நீரருகே செல்வோரை அலை இழுத்துச் சென்றதும் உண்டு. அலையின் காலம் கணக்குக்குள் அடங்கியது. அதன் வலிமை மனிதனுக்கு அடங்கவில்லை. இயற்கையை வியந்து காண்பதற்கும் உரிய தொலைவு ஒன்று உண்டு. அதனை அறிந்து நிற்பதே அறிவுடைமை.