படகுக் குளிர்ப்பெட்டியும் பாட்டரியும்

மீன், பால், கால்நடை ஊசிமருந்து முதலியவற்றைப் படகிலேற்றிச் செல்வோர், 12 வோல்ட் குளிர்ப்பெட்டி நின்றுவிட்டால் பாட்டரியைப் பழிப்பது வழக்கம். புதிய பாட்டரி வாங்கியும் பெட்டி மறுபடி நின்று, சரக்கு கெடுவதுண்டு. அவ்விடத்துக் குற்றம் கம்பியினுடையது.

பெட்டி ஓடுகையிலோ கிளம்ப முயலுகையிலோ, பாட்டரி முனைகளிலும் கம்ப்ரஸர் யந்திரத்தின் முனைகளிலும் வோல்ட் மீட்டரால் அளத்தல் வேண்டும். ஓடாத வேளையில் எடுத்த அளவு பயன்படாது. மின்னோட்டமில்லாதபோது மெலிந்த கம்பியும் முழு வோல்ட்டையே காட்டும். 6 மீட்டர் தூரத்திற்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி இட்டால், போக வர 12 மீட்டரில், 5 ஆம்பியர் ஓட்டத்திற்கு ஏறத்தாழ 0.7 வோல்ட் குறைந்துவிடும். யந்திரம் கிளம்பும் தருணத்தில் இன்னும் மிகுதி. பாட்டரியைக் காக்கும் கருவி இக்குறைவைக் கண்டு யந்திரத்தை நிறுத்திவிடுகிறது. 6 சதுர மில்லிமீட்டர் கம்பியிலோ இழப்பு 0.2 வோல்ட்டுக்கும் குறைவு. உப்புக்காற்றால் முனைகளிற் படரும் பச்சைக் களிம்பும் இதே கேட்டை விளைக்கும். அதைச் சுரண்டி, முனையை இறுக்கி, வாசலீன் பூசுக.

இரண்டிடத்தும் அளவு தாழ்ந்திருந்தால் பாட்டரியைச் சோதிக்கலாம். சில மணி நேரம் ஓய்ந்திருந்த ஈயப் பாட்டரியில் 12.7 வோல்ட் நிறைவைக் குறிக்கும், 12.2 ஆயின் ஏறக்குறையப் பாதியே எஞ்சியுள்ளது. இன்ஜினைக் கிளப்பும் பாட்டரியோடு குளிர்ப்பெட்டியை இணைத்தல் ஆகாது. இரவெல்லாம் பெட்டி ஓடினால் காலையில் படகு கரையிலேயே நிற்க நேரும்.