மேல் பட்டை

அன்புள்ள தம்பி,

நரம்பியல் வார்டில் சேர்ந்திருக்கிறாய். ஸ்கேன் ரிப்போர்ட்டை வீட்டாருக்கு விளக்கும் வேலை இனி உன் தலையில்தான் விழும். அதில் ஒரே ஒரு சொல்லைப் பற்றி எழுதுகிறேன்: கார்டெக்ஸ்.

லத்தீனில் அதற்கு மரப்பட்டை என்று பொருள். நம் பாடநூல்களில் பெருமூளைப் புறணி. நல்ல சொல்தான். ஆனால் புறணி என்றதும், யாரோ யாரைப் பற்றியோ புறம் பேசியதுதான் பலருக்கு நினைவு வரும். அதனால் பயிற்சிக் காலத்தில் ‘மூளையோட மேல் பட்டை’ என்றே சொல்லிவந்தேன்.

ஒரு பெரியவர். இடது மூளையில் ரத்தக்குழாய் அடைத்து, வலது கையும் பேச்சும் போய்விட்டன. மகளிடம் மேல் பட்டை என்றதும் அந்தப் பெண்ணின் முகம் தெளிந்தது. “மேலாப்புலதானே சார்? உள்ள ஒண்ணும் இல்லையே?” எனக்கு வாயடைத்துப் போனது. நான் பதில் தேடுவதற்குள், அப்பா ரெண்டு நாளில் பேசிவிடுவார் என்று வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நம்பிக்கையைக் கொடுத்தது என் சொல். இன்றும் அது உறுத்துகிறது.

மேலே இருப்பதால் புறணி ஓர் உறை ஆகிவிடாது. உறையாக இருப்பவை மூன்று சவ்வுகள்; அவை வேறு. புறணி மூளையேதான். தடிமன் 2 முதல் 4 மில்லிமீட்டர். அதற்குள் சுமார் 1,600 கோடி நரம்பணுக்கள். அதன் பரப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மடிப்புகளுக்குள் ஒளிந்திருக்கிறது. பேச்சு, கையசைவு, பார்வை எல்லாவற்றுக்கும் அதில் தனித்தனி இடம் உண்டு.

என்னை மீட்டவர் அந்தப் பெரியவரின் தம்பி, விவசாயி. நான் தடுமாறுவதைப் பார்த்து, “புளியமரத்தைச் சுத்திப் பட்டையை உரிச்சா மரமே பட்டுப்போகும்மா, பட்டைன்னா லேசா நினைக்காதே” என்றார். மரப்பட்டைக்குள்தான் உணவு இறங்கும் வழி இருக்கிறது. அவருக்கு அது தெரிந்திருந்தது. அன்று முதல் நானும் அப்படித்தான் சொல்கிறேன். கூடவே, எந்த இடம் அடிபட்டது, அதனால் என்ன போனது, பயிற்சியால் எவ்வளவு திரும்பலாம் என்பதையும் சொல்லிவிடுவேன்.

இன்னொன்று. சிறுநீரகத்துக்கும் புறணி உண்டு. வயிற்று ஸ்கேனில் கார்டெக்ஸ் என்று படித்துவிட்டு மூளைக்கு என்ன ஆச்சு என்று பதறி வருவார்கள். உறுப்பின் பெயரைச் சேர்த்தே சொல்.

ரவுண்ட்ஸுக்குப் போகும்போது பையில் ஒரு கைக்குட்டை வைத்துக்கொள். அதைக் கசக்கி உள்ளங்கைக்குள் திணித்துக் காட்டினால், மடிப்பு என்றால் என்னவென்று பாட்டிக்கும் புரியும்.

அன்புடன்,
உன் அண்ணன்