டூப்ளிகேட் மெஷினைத் தோலில் வைக்காதே

சென்னை,
திங்கள் இரவு

அன்பு மருமகளுக்கு,

நீ அனுப்பிய டாட்டூ மெஷின் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பெட்டி, முத்திரை, கறுப்பு உடம்பு எல்லாமே ஒரிஜினல் மாதிரிதான் இருக்கிறது. ஆன்லைனில் இரண்டாயிரத்து நானூறு ரூபாய்க்குக் கிடைத்தது என்று சந்தோஷமாக எழுதியிருந்தாய். பெட்டியில் போட்டிருக்கும் பெயரில் வரும் ஒரிஜினல் அதைப்போலப் பத்து மடங்குக்கும் மேல் என்பது உனக்கே தெரியும். "கத்துக்கிற வரைக்கும் இது போதும் மாமா, கை வந்ததும் நல்லதா வாங்கிக்கிறேன்" என்கிறாய். அந்த ஒரு வரிக்குப் பதில் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நல்ல மெஷின் என்னைவிட உனக்குத்தான் அவசியம்.

லைன் விட்டுப்போனால் தப்பு கையிலா மெஷினிலா என்று எனக்குச் சத்தத்திலேயே தெரிந்துவிடும். உனக்கு இன்னும் தெரியாது. கைதான் சரியில்லை என்று நினைத்துக் கொஞ்சம் அழுத்துவாய், இன்னும் மெதுவாக இழுப்பாய். நாலு மாதத்தில் மெஷினின் கோளாறுக்குத் தக்கபடி கை பழகிவிடும். பிறகு எவ்வளவு நல்ல மெஷினைக் கொடுத்தாலும் அந்த அழுத்தம் கையை விட்டுப் போகாது. அப்படிக் கெட்ட கைகளோடு என்னிடம் வந்த பையன்களைத் திருத்தியிருக்கிறேன். புதிதாகச் சொல்லிக் கொடுப்பதைவிட அது பெரிய பாடு.

உள்ளே நடப்பதைத் தெரிந்துகொள். ஒரு சின்ன மோட்டார் சுற்றுகிறது. அதன் தண்டின் நுனியில் மையத்திலிருந்து தள்ளி ஒரு முளை. அந்தத் தள்ளல் 1.75 மி.மீ. என்றால் ஊசி 3.5 மி.மீ. ஏறி இறங்கும். ரோட்டரி மெஷின் என்பது இவ்வளவுதான். எடிசன் 1876-இல் உரிமம் வாங்கிய மின்பேனா, காகிதத்தில் துளை போட்டுப் படியெடுப்பதற்கானது. அந்த வழியைப் பின்பற்றித்தான் நியூயார்க்கின் சாமுவேல் ஓ'ரெய்லி 1891-இல் டாட்டூ மெஷினுக்கு உரிமம் பெற்றார். இவ்வளவு பழைய, எளிய அமைப்பு என்பதால்தான் யார் வேண்டுமானாலும் வெளி உருவத்தைக் காப்பியடித்துவிட முடிகிறது. காசு போகிற இடம் வெளியே தெரியாது. மோட்டார், பேரிங், அந்த முளையைக் கடைந்த துல்லியம், எல்லாம் மூடிக்குள் இருக்கிறது.

ஊசி தோலில் பட்டதும் மோட்டாருக்குச் சுமை ஏறும். நல்ல மோட்டார் தாங்கிக்கொண்டு ஏறக்குறைய அதே வேகத்தில் ஓடும். டூப்ளிகேட் தொய்ந்துவிடும். உன் கை அதே வேகத்தில் நகர்கிறது, குத்து மட்டும் குறைகிறது. லைன் புள்ளி புள்ளியாக நிற்கும். உடனே 7 வோல்ட்டை 9 ஆக்குவாய், போன இடத்திலேயே இன்னும் இரண்டு தடவை போவாய். தோல் கொத்துப்பட்டுப் போகும். மை தங்க வேண்டியது மேல்தோலுக்கு அடியில், ஒன்று முதல் இரண்டு மி.மீ. ஆழத்துக்குள். அதையும் தாண்டி இறங்கினால் ஓரம் எல்லாம் நீலம் பாய்ந்துவிடும்.

இதை நான் ஒருவர் கையில் செய்திருக்கிறேன். தொழிலுக்கு வந்த இரண்டாம் வருடம், என்னிடமும் இப்படி ஒரு மெஷின்தான் இருந்தது. இறந்துபோன தன் அம்மாவின் பெயரை முன்கையில் எழுதச் சொல்லி வந்தார். பெயரில் இரண்டு இடத்தில் 'ண' வரும். நம் எழுத்து எப்படிப்பட்டது என்று நீயே பார். 'ண'வில் சுழி சுழியாக வரும், ஒவ்வொன்றுக்கும் நடுவில் வெறும் தோல் தெரிய வேண்டும், ஒற்றுக்கு மேலே சின்னதாய் ஒரு புள்ளி வேண்டும். ஆங்கில எழுத்தில் லைன் கொஞ்சம் தடித்தாலும் படித்துவிடலாம். நம் சுழி அடைந்துபோனால் எழுத்தே போய்விடும். அன்று மெஷின் பாதியில் தொய்ந்தது. வோல்ட்டைக் கூட்டிக் கூட்டி முடித்தேன். ஆறின பிறகு வந்து காட்டினார். சுழிகள் அடைந்து, புள்ளி கறையாகப் படர்ந்திருந்தது. காசைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. தைத்த துணியைப் பிரித்துத் தைக்கலாம். அந்தக் கையை என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

நம் பாட்டி கையில் கோலம் குத்தினவர்களிடம் மெஷின் இருந்ததா என்று கேட்பாய். குறவர் பெண்கள் ஊர் ஊராகப் போய்ப் பச்சை குத்தியதை எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளிவந்த தன் நூலில் பதிவு செய்திருக்கிறார். அவர்கள் ஒவ்வொரு குத்தையும் கண்ணால் பார்த்து, கையால் நிதானித்துக் குத்தினார்கள். உன் மெஷின் நொடிக்குக் கிட்டத்தட்ட நூறு தடவை குத்துகிறது. அத்தனையையும் நீ பார்க்க முடியாது. மெஷினை நம்பித்தான் விடுகிறாய். தோலைக் கொடுத்து உட்கார்ந்திருப்பவர் உன்னை நம்பி விடுகிறார்.

ரத்த விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், வகுப்பில் படித்திருப்பாய். ஊசியை எறிந்துவிடலாம், மோட்டாரை ஆட்டோகிளேவில் போட முடியாது. ரத்தமும் மையும் பின்வாங்கி உள்ளே போய்விட்டால் அடுத்த ஆளுக்கு ஹெபடைடிஸ் பி, சி வரை போகலாம். அதைத் தடுக்கும் மெம்பரேன் உள்ள ஊசி கார்ட்ரிட்ஜ் மட்டும் வாங்கு. ஆளுக்கு ஆள் மெஷின் உறையை மாற்று. மட்டமான வார்ப்பில் இடுக்கும் பிசிறும் இருக்கும், எவ்வளவு துடைத்தாலும் சுத்தமாகாது.

அடுத்த முறை எதை வாங்கினாலும் ஊசி போடாமல் 6 வோல்ட்டில் ஓடவிட்டுக் காதருகே வைத்துக் கேள். ஒரே சீரான ரீங்காரம் வர வேண்டும். கரகரப்பு வந்தால் வைத்துவிடு. முளையை விரலால் பக்கவாட்டில் அசைத்துப் பார், ஆட்டம் இருக்கக் கூடாது. ஒயர் சொருகும் இடத்தை ஆட்டினால் மோட்டார் திக்கக் கூடாது. இருபது நிமிடம் ஓடிய பிறகு கையில் சுடுகிறதா, விரல் மரத்துப்போகிறதா என்று கவனி. மட்டமான மெஷினின் அதிர்வு மணிக்கட்டைத் தின்றுவிடும், அது எனக்குத் தெரியும். சேயென், பிஷப் என்று நல்ல கம்பெனியின் பெயர் போட்டிருப்பது போதாது. வரிசை எண்ணைத் தயாரிப்பாளரிடம் சரிபார், அவர்கள் அங்கீகரித்த விற்பனையாளரிடமே வாங்கு. உதிரி பாகம் கிடைக்குமா, பழுது பார்ப்பார்களா என்று முதலில் கேள். மூன்று மெஷின் சேர்ந்த கிட் வேண்டாம். 3.5 மி.மீ. ஸ்ட்ரோக் உள்ள ஒன்று போதும், லைனுக்கும் ஷேடிங்குக்கும் அதுவே ஓடும். புதிதுக்குக் காசு இல்லையென்றால் தெரிந்தவர் ஓட்டிய பழைய ஒரிஜினலை வாங்கு. புது டூப்ளிகேட்டைவிட அது எவ்வளவோ மேல்.

ஞாயிற்றுக்கிழமை உன் தோழியின் மணிக்கட்டில் நீ டாட்டூ போடுவதாக அக்கா போனில் சொன்னாள். தள்ளிப் போடு. தோழியிடம் உண்மையைச் சொல்லு, புரிந்துகொள்வாள். என்னிடம் இரண்டு மெஷின் இருக்கிறது. பழையது ஆறு வருடமாக ஓடுகிறது, போன வருடம்தான் பேரிங் மாற்றினேன். புதன்கிழமை கடை விடுமுறை, திருச்சியிலிருந்து காலை ரயிலில் வந்து அதை எடுத்துக்கொண்டு போ. அதுவரை உன்னிடம் இருப்பதைப் பயிற்சித் தோலில்கூட ஓட்டாதே.

அன்புடன்,
மாமா