சின்னப் புல்லியும் இலவசக் குதிரைத்திறனும்



எங்க தாத்தாவின் சைக்கிளில் இன்னும் பழைய டைனமோ இருக்கிறது. அதைத் தட்டி டயரோடு ஒட்டவிட்டு மிதித்தால் காலில் ஒரு இழுவை தெரியும். விலக்கிவிட்டால் சைக்கிள் ஜிவ்வென்று போகும். பல்பு எரியறதுக்கான கூலியை நம்ம கால்தான் கொடுக்குது. இதை மனசில் வைத்துக்கொண்டு கார் எஞ்சினுக்கு வாருங்கள்.

எஞ்சினின் முன்பக்கம், கிராங்க் ஷாஃப்டின் முனையில் ஒரு புல்லி இருக்கும். அதிலிருந்து போகும் பெல்ட்தான் ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப், பவர் ஸ்டீயரிங் பம்ப், ஏ.சி. கம்ப்ரஸர் எல்லாவற்றையும் சுற்றுகிறது. எஞ்சின் தயாரிக்கும் சக்தியில் இவர்கள் எல்லாரும் பங்கு வாங்கிக்கொண்ட பிறகுதான் மிச்சம் சக்கரத்துக்குப் போகும். பந்தயக்காரர்களுக்கு இந்தப் பங்கைக் குறைக்க ஆசை. அதற்காக வந்ததுதான் அண்டர்டிரைவ் புல்லி. கிராங்க் புல்லியைச் சின்னதாக்குவது, இல்லாவிட்டால் பம்ப்பின் புல்லியைப் பெரிதாக்குவது. சில செட்டுகளில் இரண்டும் உண்டு.

ஒரு கணக்கு போடலாம். கிராங்க் புல்லி விட்டம் 150 மி.மீ., ஆல்டர்னேட்டர் புல்லி 60 மி.மீ. என்று வையுங்கள். எஞ்சின் 1 சுற்று சுற்றினால் ஆல்டர்னேட்டர் 2.5 சுற்று சுற்றும். கிராங்க் புல்லியை 120 மி.மீ. ஆக்கினால் 2 சுற்றுதான். எஞ்சின் 5000 சுற்றில் ஓடும்போது ஆல்டர்னேட்டர் 12,500-லிருந்து 10,000-க்கு இறங்கும். வண்டி நிற்கும்போது, ஐடிலிங்கில் 800 சுற்று என்றால், 2000-லிருந்து 1600. இந்தக் கடைசி எண்ணை மறந்துடாதீங்க, அதில்தான் வில்லங்கம் இருக்கு.

நான் அவசரப்பட்டு வகுப்பில் எழுந்து, "சார், எல்லாமே மெதுவாச் சுத்தினா எல்லாத்துலயும் சக்தி மிச்சம். இது இலவசக் குதிரைத்திறன் சார்!" என்றேன். இயற்பியல் சார் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஹெட்லைட்டுக்கு வேண்டிய வாட் குறையுமாப்பா?"

குறையாதே! 14 வோல்ட்டில் 60 ஆம்பியர் தேவைப்பட்டால் அது 840 வாட். ஆல்டர்னேட்டரின் திறன் 60 சதவீதம் என்று கொண்டால், பெல்ட்டிலிருந்து அது 1400 வாட் வாங்கும். கிட்டத்தட்ட 2 குதிரைத்திறன். வேகத்தைக் குறைத்தாலும் தேவை அப்படியே இருப்பதால், ரெகுலேட்டர் உள்ளே காந்தப் புலத்தைக் கூட்டி அதே மின்சாரத்தை எடுக்கும். சுற்று குறையும், முறுக்கு கூடும், பெருக்கினால் விடை பழையதேதான். உராய்விலும் காற்றைக் கலக்குவதிலும் கொஞ்சம் மிச்சம், அவ்வளவுதான்.

வாட்டர் பம்ப் கதை வேறு. அது விசிறி மாதிரி சுற்றித் தண்ணீரைத் தள்ளுவது. இந்த வகைப் பம்ப்புக்கு வேண்டிய சக்தி, வேகத்தின் முப்படிக்கு ஏற்ப மாறும். வேகம் 0.8 மடங்கு ஆனால் சக்தி 0.8 × 0.8 × 0.8, அதாவது 0.512 மடங்கு. வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கை விட்டால் சக்தியில் பாதி மிச்சம்! அண்டர்டிரைவ் புல்லியின் லாபத்தில் முக்கியமான பகுதி இங்கேதான் வருகிறது. இன்னொரு நன்மையும் உண்டு. 7000 சுற்றில் ஓடும் பந்தய எஞ்சினில் பம்ப் மிக வேகமாகச் சுற்றினால் தண்ணீரில் நீராவிக் குமிழிகள் உண்டாகி, தள்ளும் வேலையே கெட்டுவிடும். அங்கே பம்ப்பை மெதுவாக்குவது எஞ்சினுக்குப் பாதுகாப்பு.

அமெரிக்காவில் இதற்குப் பெயர் போன வண்டி 1979 முதல் 1993 வரை வந்த ஃபோர்டு மஸ்டாங் 5.0. அதன் வி-8 எஞ்சின் 1987-இல் 225 குதிரைத்திறன். கால் மைல், அதாவது 402 மீட்டர் நேர்ப் பந்தயம் சில வினாடிகளில் முடிந்துவிடும். அதற்குள் பேட்டரியும் இறங்காது, தண்ணீரும் கொதிக்காது. அதனால் பையன்கள் தைரியமாகப் புல்லி மாற்றினார்கள். ஆனால் அதே வண்டியை மறுநாள் வெயிலில் டிராஃபிக்கில் நிறுத்தினால்? அந்த மஸ்டாங்கில் ரேடியேட்டர் விசிறியும் வாட்டர் பம்ப் மேலேயே மாட்டியிருக்கும். பம்ப் மெதுவானால் காற்றும் குறையும். ஒரே புல்லியால் இரண்டு பக்கமும் அடி! ஐடிலிங்கில் ஆல்டர்னேட்டரால் 14 வோல்ட்டைத் தாங்க முடியாமல் பேட்டரி இறங்கும், விளக்கு மங்கும். மெதுவாக மிதித்தால் டைனமோ பல்பு மங்குமே, அதே கதைதான். ஸ்டீயரிங்கும் கனக்கும். சின்னப் புல்லியில் பெல்ட் பிடிக்கும் இடம் குறைவு என்பதால் வழுக்கிக் கீச்சிடவும் செய்யும்.

இதெல்லாம்கூடச் சமாளிக்கலாம். உண்மையான ஆபத்து வேறொன்று.

ஒவ்வொரு சிலிண்டரும் வெடிக்கும்போது கிராங்க் ஷாஃப்ட் கொஞ்சம் முறுக்கிக்கொண்டு, திரும்ப விடுபடும். இரும்புதானே என்று நினைக்காதீங்க, அதுவும் ஸ்பிரிங் மாதிரிதான். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளித் தள்ளி உயரமாக்குகிறோமே, அதுபோல ஒரு குறிப்பிட்ட வேகத்தில் வெடிப்புகள் இந்த முறுக்கு அதிர்வைப் பெரிதாக்கும். நாம் பாடத்தில் படித்த ஒத்ததிர்வு! இதை அடக்க, பல எஞ்சின்களில் கிராங்க் புல்லியையே இரண்டு துண்டாகச் செய்து நடுவில் ரப்பர் வைத்திருப்பார்கள். வெளி வளையம் எதிர்த்து ஆடும், ரப்பர் அதிர்வை வாங்கி வெப்பமாக்கிவிடும். இதற்கு டாம்பர் என்று பெயர். அதைக் கழற்றிவிட்டுப் பளபள அலுமினியப் புல்லியைப் போட்டால் எடை குறையும், ஆனால் அதிர்வை வாங்க ஆள் இல்லை. பேரிங் தேயும், போல்ட் தளரும், கடைசியில் கிராங்கே விரிசல் விடலாம். அதிலும் ஆறு சிலிண்டர் ஒரே வரிசையில் இருக்கும் நீளக் கிராங்குக்கு ஆபத்து அதிகம். பழைய மஸ்டாங் 5.0-வில் புல்லி தனி, டாம்பர் தனி. நாலு போல்ட்டைக் கழற்றிப் புல்லியை மட்டும் மாற்றலாம். அந்த வண்டியில் பிழைத்த வித்தையை எல்லா வண்டியிலும் செய்யக் கூடாது.

இதை நான் படித்தது ஒரு அவசரத்தில்தான். பெரியப்பா பையன் தன் பழைய பெட்ரோல் காருக்கு லேசான புல்லி வாங்கப் போவதாகச் சொன்னபோது, "போடுண்ணே, வண்டி பறக்கும்" என்று சொன்னவன் நானே. டாம்பர் பற்றித் தெரிந்த அன்று ராத்திரியே ஃபோன் செய்து, "அண்ணே, டார்ச் அடிச்சுப் பாரு. புல்லியில ரெண்டு வளையத்துக்கு நடுவுல கருப்பு ரப்பர் கோடு இருக்கான்னு சொல்லு" என்றேன். இருந்தது. நல்லவேளை, பணம் இன்னும் கட்டவில்லை.

இப்போது இந்தப் புல்லிக்கு வேலையே குறைந்துவருகிறது. 2011 மாடல் மஸ்டாங்கில் பவர் ஸ்டீயரிங் மின்சாரத்துக்கு மாறிவிட்டது. 2009-இல் வந்த மூன்றாம் தலைமுறை டொயோட்டா பிரியஸில் வாட்டர் பம்ப்பும் ஏ.சி.யும் மின்சாரத்தில்தான் ஓடின. அந்த எஞ்சினின் முன்பக்கம் இந்தப் பெல்ட்டே கிடையாது.