நம்பிக்கைகளும் உண்மைகளும்: காரில் ஏறும் சைக்கிள்

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையிலோ, கோயம்புத்தூரிலிருந்து நீலகிரியை நோக்கிப் போகும் பாதையிலோ சற்று நின்று கவனித்தால், உச்சியில் ஒன்றும் முதுகில் இரண்டுமாகச் சைக்கிள்களைச் சுமந்துகொண்டு விரையும் கார்களை இப்போது காணலாம். மிதித்துப் போவதற்கென்றே படைக்கப்பட்ட வாகனத்தை இன்னொரு வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போவது பரிகாசத்துக்குரிய காரியமென்று சிலர் கருதினாலும், லாரிகளின் நடுவே உயிரைப் பணயம் வைத்து மிதிப்பதைக் காட்டிலும், நடமாட்டம் குறைந்த இடத்துக்குக் கொண்டுபோய் இறக்கி மிதிப்பது விவேகமென்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் இதற்கென்று விற்கப்படும் ரேக் என்னும் சாதனத்தைத் தேர்ந்தெடுப்பதில் மட்டும் நம்மவர்கள் கடைக்காரரின் வாக்கையும் நண்பரின் அபிப்பிராயத்தையுமே பிரமாணமாகக் கொள்கிறார்கள். கடைக்காரருக்குத் தெரிந்தது ரேக். அது எந்தக் காரில் ஏறப்போகிறது, எந்தச் சைக்கிளைத் தாங்கப்போகிறது என்பது அவருக்குத் தெரியாது. இந்த மூன்றையும் சேர்த்துப் பாராமல் சொல்லப்படும் வார்த்தைகளே நாளடைவில் நம்பிக்கைகளாக உறைந்துவிடுகின்றன.

அவற்றுள் மிகுந்த கம்பீரத்தோடு உலாவுவது பந்தயத்தைப் பார்த்துப் பிறந்த நம்பிக்கை. “டூர் த பிரான்ஸில் அணிக் கார்களெல்லாம் கூரையின்மேல்தானே சைக்கிளை வைத்துக்கொண்டு போகின்றன? நிபுணர்கள் கையாளும் முறைதான் உத்தமமான முறை” என்பார்கள். காட்சி வாஸ்தவமே; அதிலிருந்து எடுக்கும் முடிவுதான் பிசகு. வீரனுடைய சைக்கிள் நடுவழியில் பழுதானால், மெக்கானிக் காரிலிருந்து குதித்து இறங்கி, விநாடிக் கணக்கில் மாற்றுச் சைக்கிளை எடுத்து அவன் கையில் கொடுக்க வேண்டும் என்ற ஒரே நோக்கத்துக்காகவே அந்தக் கூரை அவ்வாறு அமைக்கப்பட்டிருக்கிறது. அணித் தலைவனின் சைக்கிளைக் கைக்கு எட்டும்படி வெளியோரத்தில் நிறுத்துவதும் அதற்காகவே. பந்தயத்தின்போது அந்தக் கார்கள் பெரும்பாலும் வீரர்களின் வேகத்தையொட்டி, மணிக்கு 40, 45 கிலோமீட்டர் அளவில்தான் பின்தொடர்கின்றன. ஓர் ஊரின் பந்தயம் முடிந்து மறு ஊருக்குப் போகும் நெடும் பயணத்துக்கு அணிகளிடம் பட்டறையோடு கூடிய பெரிய லாரிகள் இருக்கின்றன.

எடையையும் எண்ணிப் பாருங்கள். சர்வதேச சைக்கிள் சம்மேளனம் பந்தயச் சைக்கிளுக்கு விதித்திருக்கும் குறைந்தபட்ச எடை 6.8 கிலோ, தொழில்முறை அணிகளின் சைக்கிள்கள் அந்த எல்லையை ஒட்டியே நிற்பவை. எட்டுச் சைக்கிள்களை அடுக்கினாலும் சுமை ஏறக்குறைய 55 கிலோதான். நம் வீடுகளில் நிற்கும் மலைப்பாதைச் சைக்கிள் ஒவ்வொன்றும் 14, 15 கிலோவுக்குக் குறைவதில்லை. மின்சாரச் சைக்கிளோ 20 முதல் 25 கிலோ வரை கனக்கிறது. அதைத் தலைக்குமேல் தூக்கி, ஒரு கையால் பிடித்துக்கொண்டே மறு கையால் பிடியை முடுக்குவதற்கு வேண்டிய தேகபலம் நம்மில் எத்தனை பேருக்கு உண்டு என்பதைக் கடைக்குப் போகுமுன்பே ஒருமுறை தூக்கிப் பார்த்து நிர்ணயித்துக்கொள்வது நல்லது.

கூரையைப் பற்றிய இன்னொரு நம்பிக்கை இதைவிட அபாயமானது: “கூரையில் நீளவாக்கில் இரண்டு தண்டுகள் இருக்கின்றன, ஆகவே சுமை ஏற்றலாம்.” நம் நாட்டில் விற்பனையாகும் கார்கள் பலவற்றில் அந்தத் தண்டுகள் வெறும் அலங்காரம். கூரையின் எலும்புக்கூட்டோடு அவை இணைக்கப்படாமல் மேலே பொருத்தி வைக்கப்பட்டவை. காரை உயரமாகக் காட்டுவதே அவற்றின் உத்தியோகம். அலங்காரத் தண்டையும் சுமை தாங்கும் தண்டையும் கண்ணால் பார்த்து வேறுபடுத்துவது எளிதன்று. காரோடு கொடுக்கும் கையேட்டில் கூரையின் அதிகபட்சச் சுமை இவ்வளவென்று எழுதியிருந்தால் ஏற்றலாம். சுமை ஏற்றக் கூடாதென்று எழுதியிருந்தாலோ, அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லாவிட்டாலோ ஏற்றாமலிருப்பதே க்ஷேமம். எல்லை எழுதியிருக்கும் கார்களிலும் அது பெரும்பாலும் 50 முதல் 75 கிலோவுக்குள் அடங்கும். குறுக்குக் கம்பிகளின் எடையும், அவற்றின்மேல் பூட்டும் ரேக்கின் எடையும், சைக்கிளின் எடையும் ஆகிய மூன்றும் சேர்ந்தே அந்தக் கணக்குக்குள் வர வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

கூரையில் நிற்கும் சைக்கிள் எரிபொருளை அதிகம் தின்னாதென்பதும் ஒரு சமாதானம். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்வது. மணிக்கு 80 கிலோமீட்டரில் போன கார் 120 கிலோமீட்டரில் போனால் எதிர்ப்பு ஒன்றரை மடங்கன்று, இரண்டேகால் மடங்காகிறது. அமெரிக்க அரசாங்கம் வாகன உரிமையாளர்களுக்காக வெளியிட்டிருக்கும் குறிப்பின்படி, கூரையில் பெரிய சாமான் பெட்டியை வைத்தால் நகருக்குள் 2 முதல் 8 சதவீதமும், மணிக்கு 105 முதல் 120 கிலோமீட்டர் வேகத்தில் 10 முதல் 25 சதவீதமும் எரிபொருள் சிக்கனம் குறைகிறது; அதே பெட்டியைப் பின்புறம் பொருத்தினால் நெடுஞ்சாலையிலும் நஷ்டம் 1 முதல் 5 சதவீதந்தான். இவை பெட்டிக்கு உரிய கணக்குகள், சைக்கிளுக்கு அல்ல என்றாலும், காற்று எந்த இடத்தில் தண்டனை விதிக்கிறது என்பதை அறிய இவை போதும். உயரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒன்றரை மீட்டர் உயரமுள்ள கார் சைக்கிளோடு இரண்டரை மீட்டரைத் தாண்டிவிடுகிறது. வணிக வளாகத்தின் தரைக்கீழ் நிறுத்துமிடத்து உத்தரம் அதை அறியாது, ஓட்டுகிறவரோ வீடு திரும்பும் களைப்பில் தலைக்குமேல் சைக்கிள் இருப்பதையே மறந்திருப்பார்.

இத்தனையும் கேட்டவர் கூரையைக் கைவிட்டு டிக்கிக்கு வருவார். அங்கே அவருக்காகக் காத்திருப்பது “எல்லாக் காருக்கும் பொருந்தும்” என்ற வாசகம். பட்டைகளையும் கொக்கிகளையும் கொண்டு டிக்கிக் கதவில் கட்டும் ரேக்குகள் விலையில் மலிவு, மடித்து வைக்கச் சௌகரியம். ஆனால் எல்லாக் காருக்கும் பொருந்தும் ரேக் ஒன்று இந்த உலகத்தில் கிடையாது. மேல் கொக்கிகள் மாட்டவேண்டிய விளிம்பில் பல கார்களில் பிளாஸ்டிக் ஸ்பாய்லர் நீட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டு சைக்கிள்களின் இழுப்பைத் தாங்க அது அமைக்கப்பட்டதன்று. சிலவற்றில் கதவின் மேற்பகுதி முழுவதும் கண்ணாடி. மஹிந்திரா தார் போன்று பின்கதவிலேயே உபரிச் சக்கரத்தைச் சுமக்கும் வண்டிகளுக்கு, அந்தச் சக்கரத்தைப் பற்றி நிற்கும் தனி வகை ரேக் வேண்டும். ஆகையால் மதிப்புள்ள உற்பத்தியாளர்கள், எந்தக் காருக்கு எந்த மாதிரி என்று கார்களின் பெயரையும் ஆண்டையும் குறித்தே பட்டியல் தருகிறார்கள். உங்கள் கார் அந்தப் பட்டியலில் இல்லையென்றால், விற்பவர் எவ்வளவு சாதுரியமாகப் பேசினாலும் வாங்காதீர்கள்.

பட்டை ரேக்கை ஒருமுறை இறுக்கிவிட்டால் ஊர்போய்ச் சேரும் வரை கவலையில்லை என்பதும் உண்மையன்று. நைலான் பட்டை சுமையேறிய முதற் சில கிலோமீட்டர்களிலேயே சற்று நெகிழ்ந்து கொடுக்கும். எழுபது கொண்டை ஊசி வளைவுகளை உடைய கொல்லிமலைப் பாதையில் ஒவ்வொரு திருப்பத்திலும் சுமை பக்கவாட்டில் தள்ளப்படுவதால் நெகிழ்ச்சி வளர்ந்துகொண்டே போகும். புறப்பட்ட பத்துப் பதினைந்து நிமிஷத்தில் ஒருமுறையும், மலை ஏறுமுன் ஒருமுறையும் நிறுத்தி இறுக்குவது அவசியம். காரின் வர்ணத்தைக் கெடுப்பதும் பெரும்பாலும் ரேக் அன்று. அதன் மெத்தைக்கும் தகட்டுக்கும் இடையே சிக்கிய மணலே. மாட்டுமுன் இரண்டையும் ஈரத் துணியால் துடைத்துவிட்டால் பாதித் தொல்லை தீர்ந்தது. வெயிலில் பழுத்து நார் பிரிந்த பட்டையை மாற்றாமல் உபயோகிப்பது சிக்கனமாகாது. சைக்கிள் டயர் புகைபோக்கிக்கு நேராகத் தொங்கினால், அதன் சூட்டில் ரப்பர் பாழாவதும் உண்டு.

“பின்னால் மாட்டுவது 60 கிலோ, கூடுதலாக ஓர் ஆள் ஏறியதுபோலத்தானே?” என்று கேட்பவர் நெம்புகோலின் நியாயத்தை மறந்து பேசுகிறார். ஆள் அமர்வது இரண்டு அச்சுகளுக்கும் நடுவே. ரேக் தொங்குவதோ பின்னச்சுக்கும் அப்பால். முன் பின் அச்சுகளுக்கு இடையே 2.5 மீட்டர் தூரமுள்ள ஒரு காரில், பின்னச்சிலிருந்து 1.2 மீட்டர் பின்னால் 60 கிலோ தொங்குவதாக வைத்துக்கொண்டால், கிணற்று ஏற்றத்தின் ஒரு முனை தாழ மறுமுனை எழுவதுபோல முன்னச்சின் பாரம் ஏறத்தாழ 29 கிலோ குறைந்து, பின்னச்சின்மேல் 89 கிலோ ஏறுகிறது. காரைத் திருப்புவது முன்சக்கரம். நம் சிறிய கார்களில் இழுத்துச் செல்வதும் முன்சக்கரமே. டிக்கியிலும் சாமான்களை நிறைத்துக்கொண்டால் அதன் பிடிமானம் இன்னும் இளகும் என்பதைச் சொல்ல வேண்டுமா? ஆகவே கனமான சாமான்களை முன்னே நகர்த்துங்கள், வேகத்தைக் குறையுங்கள்.

ரேக்கை டிக்கிக் கதவில் கட்டும் சங்கடத்துக்கு மேல்நாடுகளில் தனி ஏற்பாடு இருக்கிறது. ஐரோப்பாவில் இழுவை வண்டி பூட்டுவதற்காகக் காரின் அடிச்சட்டத்தோடு இணைத்த 50 மில்லிமீட்டர் உருண்டையும், அமெரிக்காவில் ஒன்றேகால் அங்குலமோ இரண்டு அங்குலமோ உள்ள சதுரக் குழாயும் இருப்பதால், ரேக்கை அங்கே பூட்டிச் சைக்கிளை இடுப்புயரத்துக்குள்ளேயே ஏற்றிவிடுகிறார்கள். சைக்கிள் ரேக்குகளில் இதுவே சிறந்த வகை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நம் நாட்டுக் கார்களில் அந்த இணைப்பு அபூர்வம். பட்டறையில் யாரோ பற்றவைத்துத் தரும் இரும்புத் துண்டை அதற்குச் சமமாகக் கருதக் கூடாது. இணைப்பு உள்ள காரிலும் செங்குத்தாக இறங்கும் பாரத்துக்குக் காருக்கொரு எல்லை, ரேக்குக்கொரு எல்லை, ஒவ்வொரு சைக்கிளுக்கும் தனி எல்லை என்று மூன்று உண்டு; அவற்றுள் மிகச் சிறியதே சட்டம். மின்சாரச் சைக்கிளானால் பேட்டரியைக் கழற்றிக் காருக்குள் வைத்துவிட்டால் இரண்டு மூன்று கிலோ மிச்சமாகும்.

கார்பன் சைக்கிளைப் பற்றி ஒரு வார்த்தை. “பந்தயத்தையே தாங்கும் சட்டத்துக்கு ரேக்கின் பிடி ஒரு பொருட்டா?” என்று கேட்பார்கள். ஓட்டும்போது எழும் விசைகளை எண்ணி அடுக்கப்பட்ட மெல்லிய குழாய் அது; பக்கவாட்டில் நெரிக்கும் பிடியை எதிர்பார்த்துச் செய்யப்பட்டதன்று. உள்ளே விரிசல் கண்டும் வெளியே ஒரு கோடுகூடத் தெரியாமலிருக்கக்கூடும் என்பதே இதில் விபரீதம். கார்பன் சைக்கிளுக்குச் சக்கரத்தைப் பற்றும் ரேக்கே தகும். மேல்குழாயை இறுக்கித் தொங்கவிடும் ரேக் ஆகாது.

போலீஸ்காரர் சைக்கிள் ரேக்கைக் கண்டுகொள்வதில்லை, ஆகவே நம்பர் பிளேட் மறைந்தாலும் பாதகமில்லை என்பது சௌகரியத்துக்காக உண்டாக்கிக்கொண்ட நம்பிக்கை. பதிவெண் முன்னும் பின்னும் தெளிவாகத் தெரிய வேண்டுமென்பது நம் நாட்டு மோட்டார் வாகன விதி. பிரிட்டனில் மறைத்தால் 1,000 பவுண்டு வரை அபராதம். ஜெர்மனியில் ரேக்கின்மேல் அதே எண்ணை மீண்டும் எழுதிப் பொருத்த வேண்டும். ஆனால் எண்ணைவிட எனக்குப் பெரிதாகப் படுவது விளக்கு. சைக்கிள் பிரியர்கள் புறப்படுவது இருட்டில். பின்னால் வரும் லாரிக்காரருக்குப் பிரேக் விளக்கு தெரியாவிட்டால் மற்ற முன்னேற்பாடுகளால் என்ன பிரயோஜனம்? சைக்கிளை மாட்டியபின் ஒருவரை உள்ளே உட்காரவைத்து, எல்லா விளக்குகளையும் எரியச் செய்து, பத்தடி பின்னால் நின்று பார்த்துவிடுங்கள்.

மழைக்காக ஓடும் காரில் சைக்கிள்மேல் உறை போர்த்துவது நல்லதென்று நினைப்பவர்கள், அந்த உறை பாய்மரமாகிக் காற்றை ஏந்தி ரேக்கையே பிடுங்கும் என்பதை அறியட்டும். ரேக்கோடு வரும் பூட்டு டீக்கடையில் நிற்கும் நேரத்துக்குக் காவல். விடுதியில் தங்கும் இரவுக்கு அது காவலன்று.

கடைசியாக, சைக்கிளைக் காரில் கொண்டுபோக ரேக் இல்லாமல் முடியாதென்ற எண்ணத்தையும் சொல்லிவிட வேண்டும். முன்சக்கரத்தைக் கழற்றி, பின்னிருக்கையை மடித்து, பழைய போர்வை ஒன்றை விரித்து, சங்கிலியும் பல்சக்கரமும் மேல்நோக்கும்படி படுக்கவைத்தால் ஒரு சைக்கிள் நம் சிறிய கார்களிலும் பெரும்பாலும் அடங்கிவிடும். டிஸ்க் பிரேக் உள்ள சைக்கிளானால், கழற்றிய இடத்தில் பிரேக் கட்டைகளுக்கு நடுவே ஓர் அட்டைத் துண்டைச் செருகிவிடுங்கள். திடீரென்று பிரேக் போட்டால் சைக்கிள் முன்னே பாயாதபடி கயிற்றால் கட்டிவையுங்கள். தனியாகவோ துணைக்கு ஒருவரோடோ போகிறவர், ஒரே சைக்கிளுக்காக ரேக் வாங்க வேண்டியதில்லை.